ஓடையோடு போனவள்

நண்பர்களே, காட்டில் சிக்கி உயிர் பிழைத்தவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்களின் துணிச்சலைத்தான் முதலில் சொல்வோம். யூலியானே கோப்கே கதையில் என்னை அசத்துவது அவள் வீட்டில் கற்ற பாடம்.

1971 டிசம்பர் 24. பெரு நாட்டின் லிமாவிலிருந்து புகால்பாவுக்குப் போன விமானம், மின்னல் தாக்கி நடுவானில் உடைந்தது. இருந்த 92 பேரில் பிழைத்தது 17 வயது யூலியானே மட்டும். சுமார் மூன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து இருக்கையோடு அமேசான் காட்டுக்குள் விழுந்தாள். காறை எலும்பு முறிந்திருந்தது. மூக்குக் கண்ணாடி போய்விட்டது. மிஞ்சியது ஒற்றைச் செருப்பு. பக்கத்தில் உட்கார்ந்து வந்த அம்மாவைக் காணோம்.

அவளுடைய பெற்றோர் இருவரும் விலங்கியலாளர்கள். அந்தக் காட்டிலேயே பாங்குவானா என்ற ஆய்வு நிலையத்தை நடத்தியவர்கள். ஒன்றரை வருடம் அங்கே வளர்ந்தவளுக்குக் காடு புதிதல்ல. ஓடையைப் பிடித்துப் போனால் ஆறு வரும், ஆற்றோரம் மனிதர் இருப்பார்கள் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். கிடைத்த மிட்டாய்ப் பையோடு ஓடையில் இறங்கி நடந்தாள். பின்னர் ஓட்சின் பறவையின் குரல் கேட்டது. அது திறந்த நீர்நிலைக்குப் பக்கத்தில் கூடு கட்டும் பறவை என்பது அவளுக்குத் தெரியும். ஆறு அருகில்தான் என்று புரிந்துகொண்டாள்.

நான்காம் நாள், தரையில் தலைகுப்புறப் புதைந்த ஓர் இருக்கை வரிசை. அதில் மூன்று உடல்கள், ஒன்று பெண்ணுடையது. அம்மாவோ என்று பயந்து அருகே போய்ப் பார்த்தாள். கால் நகங்களில் சாயம் இருந்தது. அம்மா நகச்சாயம் பூசுவதில்லை. அப்பாடா என்று இருந்ததாம். அடுத்த நொடியே, அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டாளாம். தன் அம்மாவையே தேடும் நிலையிலும், செத்துக் கிடப்பவள் இன்னொருவர் வீட்டுப் பெண் என்று உறைத்திருக்கிறதே! அவள் பெரியவளானது அந்த இடத்தில்தான் என்று நான் சொல்வேன்.

பத்தாம் நாள் ஒரு படகும் குடிசையும் தென்பட்டன. கையில் இருந்த காயத்தில் புழு வைத்திருந்தது. வீட்டு நாய்க்கு அப்பா மண்ணெண்ணெய் விட்டுப் புழு எடுத்தது ஞாபகம் வர, அங்கிருந்த பெட்ரோலை ஊற்றி முப்பது புழுக்கள் வரை எடுத்தாள். படகை மட்டும் தொடவில்லை. எடுத்தால் திருட்டாகிவிடும் என்று நினைத்தாள். மறுநாள் வந்த மரம் வெட்டுபவர்கள் அவளைக் காப்பாற்றினார்கள்.

அம்மா பிழைக்கவில்லை. யூலியானே உயிரியல் படித்து, பாங்குவானாவுக்கே திரும்பி வௌவால்களை ஆராய்ந்தார். 2000இல் அப்பா இறந்த பிறகு நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். 2011இல் பெரு அரசு அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது.