மியூசியத்துக்குள்ள திருட்டுத்தனமா நுழைஞ்ச பசங்க

வணக்கம் மக்களே! ஒரு நிமிஷம், ஃபேனை ஆஃப் பண்ணிடுறேன், மைக்ல இரையுது. ஆங்... இப்ப ஓகே.

இன்னைக்கு பாஸ்டன் கதை. 1989 டிசம்பர் லீவு. அங்க அப்போ கம்ப்யூட்டர் மியூசியம்னு ஒண்ணு இருந்துச்சு. அதுல நாட்டலி ரஸ்க்னு ஒருத்தங்க ஒரு வாரம் ஒர்க்‌ஷாப் நடத்துறாங்க. லெகோவுல வண்டி மாதிரி ஏதாவது செய்யணும், மோட்டார் மாட்டணும், கம்ப்யூட்டர்ல லோகோங்கிற மொழியில புரோகிராம் எழுதி அதை ஓட்டணும். பக்கத்து ஏரியா பசங்க சிலர் வந்தாங்க. இங்கிலீஷும் ஸ்பானிஷும் கலந்து பேசுற பசங்க. தினமும் வந்தாங்க.

லீவு முடிஞ்சுது, ஒர்க்‌ஷாப்பும் முடிஞ்சுது. பசங்க மட்டும் விடல! மறுபடி வந்து நிக்கிறாங்க, "லெகோ-லோகோ?"ன்னு கேட்டுக்கிட்டு. இல்லப்பான்னு சொன்னா, மியூசியத்துக்குள்ளயே சுத்துறாங்க. கொஞ்ச வாரத்துல ஸ்டாஃப் எல்லாருக்கும் மெயில் போகுது: சில பசங்க திருட்டுத்தனமா உள்ள வர்றாங்க, பார்த்தா செக்யூரிட்டிகிட்ட சொல்லுங்கன்னு.

இந்த இடத்துலதான் நான் சிரிச்சேன். நம்ம ஸ்கூல்ல கம்ப்யூட்டருக்குத் துணி போர்த்தி வெச்சிருப்பாங்க. செருப்பைக் கழட்டிட்டுப் போய், தள்ளி நின்னு கும்பிட்டுட்டு வந்த மாதிரிதான் வந்தோம். அங்கயாச்சும் தொட்டுப் பார்த்துட்டாங்க!

ரஸ்க் அந்தப் பசங்களுக்கு வேற இடம் இருக்கான்னு தேடினாங்க. சில கம்யூனிட்டி சென்டர்கள்ல கம்ப்யூட்டர் இருந்துச்சு. ஆனா ஒண்ணு கேம், இல்லேன்னா டைப்பிங் மாதிரி வகுப்பு. அதனாலதான் அமெரிக்காவோட எம்.ஐ.டி. யுனிவர்சிட்டியில இருந்த மிட்செல் ரெஸ்னிக், அப்புறம் ஸ்டினா குக்னு இன்னொருத்தங்க, இவங்களோட சேர்ந்து, 1993ல அதே மியூசியத்துல கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ் ஆரம்பிச்சாங்க. ஸ்கூல் விட்டதும் வரலாம், காசு கிடையாது.

சிலபஸும் கிடையாது. நடுவுல ஒரு பெரிய பச்சை மேஜை, அதுல யாரோட கம்ப்யூட்டரும் இல்ல. சும்மா உட்கார்ந்து பேச. நாற்காலிக்கு சக்கரம்; அடுத்தவன் என்ன செய்யுறான்னு அப்படியே உருண்டு போய் எட்டிப் பார்க்கலாம். லீடர்ஷிப்னா கோட் போட்டு மேடையேறுறதுன்னு நாம நெனைக்கிறோம்ல? அங்க பாட்டு ரெக்கார்ட் பண்ணக் கத்துக்கிட்ட பொண்ணு, நேத்து சேர்ந்த பையனுக்குச் சொல்லிக் கொடுக்கணும். அவ்வளவுதான். எனக்கு அது போதும்னு படுது.

அந்த மாதிரி பசங்க அவங்களே கேமும் அனிமேஷனும் செய்யணும்னுதான் ரெஸ்னிக் டீம் 2007ல ஸ்க்ராட்ச்ங்கிற பசங்களுக்கான புரோகிராமிங் மொழியை வெளியிட்டாங்க. நம்ம வீடியோ ஆரம்பத்துல ஒரு ஆரஞ்சுப் பூனை ஓடும்ல? ஸ்க்ராட்ச்சோட பூனைதான் அது.