அங்கே நான் ஏன் வீடியோ எடுக்கவில்லை?

வணக்கம் மக்களே. கிறிஸ்துமஸ் தாத்தா பக்கத்தில் நாய், பூனைகளை உட்கார வைத்துப் போட்டோ எடுத்து, அதில் வரும் பணத்தை ஆதரவற்ற விலங்குகளின் காப்பகத்துக்குக் கொடுக்கிற நிகழ்ச்சிக்கு என் நாயோடு போகிறேன் என்று சொல்லியிருந்தேன் இல்லையா? போய் வந்தாயிற்று. ஆனால் இன்றைக்கு நான் மட்டும் உட்கார்ந்து பேசப் போகிறேன். அங்கே எடுத்த காட்சி ஒன்றுகூட இந்த வீடியோவில் இல்லை. ‘சொந்த போன், கேமராவில் படம் எடுக்க அனுமதி இல்லை’ என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருக்குச் செம கோபம். “என் நாய், என் போன். நான் ஏன் எடுக்கக் கூடாது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வாசலில் நின்ற தன்னார்வலர் “ரூல் அப்படித்தான்” என்று மட்டும் சொன்னார். அந்தப் பதில் போதாது. எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் போட்டோகிராபர் சம்பளம் வாங்குவதில்லை. தாத்தா வேஷம் போட்டவரும் வாங்குவதில்லை, நாய்க் கயிறைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளும் வாங்குவதில்லை. அங்கே விற்பனைக்கு இருப்பது அந்த ஒரு படம்தான். அதை விற்று வரும் பணம்தான் காப்பகத்தில் தடுப்பூசியாக, கருத்தடை அறுவைச் சிகிச்சையாக, தீவனமாக மாறுகிறது. அவர்கள் போட்ட விளக்கு, அவர்கள் கட்டிய திரை, அவர்கள் உட்கார வைத்த தாத்தா எல்லாவற்றையும் பயன்படுத்திக்கொண்டு நாம் பக்கவாட்டில் நின்று போனில் ஒரு கிளிக் அடித்துவிட்டுக் கிளம்பினால், அந்தக் காசு எங்கிருந்து வரும்? இன்னொன்றும் பார்த்தேன். எடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கணினித் திரையில் காட்டும்போது, சிலர் அந்தத் திரையையே போனில் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் இதே கணக்குதான். தயவுசெய்து செய்யாதீர்கள்.

“நான் பணம் கட்டிவிட்டேன், கூடவே போனிலும் ஒன்று எடுத்துக்கொள்கிறேனே?” என்று கேட்கலாம். பணத்தை விட்டுவிடுவோம், இப்போது நாயைப் பாருங்கள். புது இடம், புது வாசனை, பக்கத்தில் பெரிய தாடியும் சிவப்பு உடையுமாக முன்பின் தெரியாத ஓர் ஆள். ஏற்கெனவே அது பயந்துதான் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு சின்னப் பழுப்பு நாய் மேடையில் இருந்தது. வீட்டார் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று “இங்கே பாரு, இங்கே பாரு” என்று கூப்பிட்டார்கள். அது உதட்டை நக்கியது, கொட்டாவி விட்டது, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாகச் சுழற்றியது, வெள்ளை விழி தெரிந்தது. அந்தக் கொட்டாவியைத் தூக்கம் என்று நினைக்காதீர்கள். நாய் பதற்றத்தில் இருந்தால் இப்படித்தான் காட்டும். அப்புறம் தன்னார்வலர் ஒருவர் வீட்டார் எல்லாரையும் போட்டோகிராபரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். போட்டோகிராபர் கீச்சென்று கத்தும் பொம்மையை லென்ஸுக்கு மேலே பிடித்து ஒரே ஒரு தடவை அழுத்தினார். நாய் தலையைச் சாய்த்து நேராகப் பார்த்தது. படம் முடிந்தது, இறங்கிவிட்டது. பார்க்க வேண்டிய திசை ஒன்றுதான் என்று ஆனதும் அதன் வேலை எவ்வளவு லேசாகிவிட்டது பாருங்கள்!

வெளிச்சத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாய், பூனைகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்புகிற ஒரு படலம் இருக்கிறது. இருட்டில் அவற்றுக்கு நன்றாகக் கண் தெரிய அது உதவுகிறது. போனில் பிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், போன வெளிச்சம் அப்படியே திரும்பி வந்து கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரிகிற மாதிரி படம் விழும். ஸ்டுடியோ விளக்கைத் தள்ளி, பக்கவாட்டில், வெள்ளைத் துணி போட்டு வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த விளக்கு மின்னுவது பல நேரம் 1/1000 நொடிக்கும் குறைவு. அவர்களுடைய கேமரா அந்த நொடியில் திறக்கும், நம் போன் திறக்காது. அதனால் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற மேடை, போனில் மங்கலாக, நாய் அசைந்து கலங்கிய படமாகத்தான் வரும். இன்னொரு பிளாஷைக் கண்டால் தானாக மின்னும்படி சில விளக்குகளை வைத்திருப்பார்கள். வரிசையிலிருந்து யாராவது சொந்த கேமராவில் பிளாஷ் அடித்தால், அந்த விளக்குகள் வேளை கெட்ட வேளையில் மின்னிவிடும். போட்டோகிராபர் அழுத்தும்போது அவை மறுபடி தயாராகியிருக்காது. நாய் அழகாகப் பார்த்த அந்த ஒரு நொடி வீண்.

வ்லாக் பண்ணுகிற எனக்கு இதையெல்லாம் விட முக்கியமாகப் படுவது வரிசையில் நிற்கிற மற்றவர்கள்தான். நிறைய குழந்தைகள் வருகிறார்கள். நான் என் நாயை எடுக்கிறேன் என்று போனைத் தூக்கினால், பின்னால் யார் வீட்டுக் குழந்தையின் முகமோ விழுந்து, முன்பின் தெரியாத ஆயிரம் பேர் பார்க்கிற இடத்துக்குப் போய்விடும். போனில் இருப்பிட வசதி திறந்திருந்தால், எடுத்த இடமும் படக் கோப்பிலேயே பதிவாகலாம். தாத்தா வேஷத்தில் இருப்பவரும் ஒரு மனிதர்தான். எல்லார் போனிலும் இருக்க அவர் சம்மதித்தாரா என்று நமக்குத் தெரியாது.

வாங்கிய படத்தை எங்கே போடலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். படைப்பாளிகளின் உரிமையைக் காக்க 1886இல் நாடுகளுக்கிடையே வந்த பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில், பதிப்புரிமைக்காக (காப்பிரைட்) எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. படம் எடுத்ததுமே உரிமை வந்துவிடும். அந்த உரிமை எடுத்தவருக்கா, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கா என்பது நாட்டுக்கு நாடு, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். சமூக வலைத்தளத்தில் போடலாமா, போட்டோகிராபர் பெயரைப் போட வேண்டுமா, அச்சடித்து விற்கலாமா என்று அங்கேயே கேட்டுவிட்டால் பிறகு சங்கடம் இல்லை. எங்கள் படத்தை இங்கே காட்டலாமா என்று நானும் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வராமல் காட்டப் போவதில்லை.

இவ்வளவு சொன்னதால் நடத்துபவர்கள் செய்வதெல்லாம் சரி என்று அர்த்தமில்லை. இந்த விதியை வாசலில் வந்த பிறகு சொல்வது தப்பு. நாயைக் குளிப்பாட்டி, வண்டியில் ஏற்றி, வரிசையில் நின்ற ஒருவருக்கு அந்த இடத்தில் அதைப் படிக்கும்போது எரிச்சல் வரத்தான் செய்யும். முன்பதிவு செய்யும்போதே, கட்டணத்துக்குப் பக்கத்திலேயே, காரணத்தோடு எழுத வேண்டும். தடை மேடைக்கும் வரிசைக்கும் போதும், வளாகம் முழுக்க எதற்கு? வெளியே ஓர் ஓரமாக ஒரு திரையைக் கட்டி, காப்பகத்தின் பெயரையும் எழுதி, ‘இங்கே உங்கள் போனில் எடுத்துக்கொள்ளலாம்’ என்று விட்டால் கோபம் பாதி குறையும். அந்தப் படங்கள் ஊரெல்லாம் சுற்றும்போது காப்பகத்துக்கும் விளம்பரம்தானே.

அப்புறம், தடை படம் எடுப்பதற்கு மட்டும்தான் என்பதைத் தன்னார்வலர்களுக்குத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். கண் பார்வை குறைந்தவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கப் போனை எடுப்பார். காது கேளாதவர் நீங்கள் பேசுவதை எழுத்தாகப் பார்க்க எடுப்பார். அவர்களை அதட்டக் கூடாது. நோய் முற்றிய கிழட்டு நாயைத் தூக்கிக்கொண்டு, இதுதான் கடைசிப் பண்டிகை என்று தெரிந்தே வருகிறவர்களும் உண்டு. அவர்கள் மேடையில் நாயோடு இருப்பதைச் சில நொடி வீடியோவாகக் கேட்டால், தயவுசெய்து விட்டுக்கொடுங்கள். விளக்கை நிறுத்திவிட்டு நீங்களே எடுத்துக் கொடுத்தாலும் சரி. அதனால் எந்த நிதியும் குறைந்துவிடாது.

இப்படி நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் அறிவிப்பில் இந்த விதியை எப்படி எழுதுகிறீர்கள் என்று கீழே கமெண்டில் போடுங்கள். நல்லதாக இருப்பதைக் கமெண்டுகளில் முதலில் தெரிகிற மாதிரி ‘பின்’ (pin) செய்து வைக்கிறேன், மற்ற ஊர்க்காரர்களும் எடுத்துக்கொள்ளட்டும். சரி, அடுத்த வீடியோவில் பார்ப்போம்.