குளத்தில் எல்லாமே ஆண்

நேயர்களுக்கு வணக்கம்.

மீன் கடையில் ஜிலேபி வாங்கியிருப்பீர்கள். ஜிலேபிக் கெண்டை என்றும் திலாப்பியா என்றும் சொல்கிறோமே, அந்த மீன்தான். ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் திலாப்பியா 1952-இல் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் வழியாக நம் நாட்டுக்குள் வந்தது. வளர்த்தவர்களுக்குச் சீக்கிரமே ஒரு தலைவலி. இரண்டு மூன்று மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும். நாலு குஞ்சு விட்ட குளத்தில் கொஞ்ச நாளில் நானூறு இருக்கும், ஒன்றும் உள்ளங்கை அகலம் தாண்டாது. இதில் பெண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். அந்த நாட்களில் அதற்குச் சாப்பாடே கிடையாது. அப்புறம் எங்கே வளர்வது? ஆண்தான் வேகமாக வளரும்.

ஆக, பண்ணைக்காரருக்கு ஆண் மட்டும் வேண்டும். ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு வயிற்றடியில் உள்ள துவாரத்தைப் பார்த்துப் பிரிக்கலாம். ஆயிரம் மீனுக்கு அதைச் செய்து பாருங்கள், கண் பூத்துவிடும். நூற்றில் நாலைந்து பெண் தப்பிப் போனாலும் பழைய கதைதான்.

1950-களின் கடைசியில் மலாக்காவில் ஹிக்லிங் என்ற விஞ்ஞானி ஒரு கலப்பு செய்தார். பெண், மொசாம்பிக் திலாப்பியா. ஆண், சான்சிபாரிலிருந்து வந்த இன்னொரு வகைத் திலாப்பியா. பிறந்த குஞ்சுகள் அத்தனையும் ஆண்!

இது எப்படி? பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம்கள் மனிதரில் பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் ஒய். பிள்ளை ஆணா பெண்ணா என்பது அப்பா கொடுப்பதைப் பொறுத்தது. கோழியில் இது தலைகீழ். சேவலுக்கு இசட் இசட் என்று ஒரே மாதிரி இரண்டு, பெட்டைக்கு இசட் டபிள்யூ. அங்கே தீர்ப்பு அம்மா கையில். மொசாம்பிக் திலாப்பியா நம்மைப் போல. சான்சிபார் திலாப்பியா கோழியைப் போல. பார்த்தால் பங்காளி மீன்கள், கணக்கு மட்டும் வேறு வேறு.

இப்போது கூட்டிப் பாருங்கள். அம்மாவிடம் எக்ஸ் தவிர வேறில்லை, அப்பாவிடம் இசட் தவிர வேறில்லை. எல்லாக் குஞ்சும் எக்ஸ் இசட். அந்தச் சேர்க்கை ஆணாக வளர்கிறது. ஜோடியை மாற்றிப் போட்டால்? அம்மா இசட் டபிள்யூ, அப்பா எக்ஸ் ஒய். நான்கு விதமாகச் சேரலாம். அதில் டபிள்யூவும் எக்ஸும் சேர்வது மட்டும் பெண், மற்ற மூன்றும் ஆண். குளத்திலும் ஒரு பெண்ணுக்கு மூன்று ஆண் என்ற கணக்கில்தான் கிடைத்தன. விலங்கியல் சொல்லிக்கொடுத்த இத்தனை வருடத்தில் கரும்பலகையில் நான் ஆசையாகப் போட்ட கணக்கு இதுதான்.

நெருங்கிய உறவுக்குள் ஏன் இத்தனை வித்தியாசம்? மனிதரின் ஒய் தேய்ந்து சிறுத்துப்போன குரோமோசோம். அதிலிருந்த மரபணுக்களில் பெரும்பாலானவை போய்விட்டன. எக்ஸ் இல்லாமல் நம்மில் ஒரு கரு பிழைக்காது. திலாப்பியாவில் 22 ஜோடி குரோமோசோம்கள். மைக்ராஸ்கோப்பில் எது எக்ஸ், எது ஒய் என்று கண்டுபிடிப்பதே கஷ்டம், அவ்வளவு ஒற்றுமை. ஒரே ஒரு மரபணு மாறினாலே போதும், ஆண் பெண் விதி மாறிவிடும். ஜப்பானின் வயல் வாய்க்கால்களில் மெடக்கா என்று ஒரு பொடி மீன். அதன் ஒய்யில் ஆணாக்கும் மரபணு இருப்பதை 2002-இல் கண்டுபிடித்தார்கள். வேறொரு குரோமோசோமில் இருக்கும் மரபணுவின் நகல் அது. மெடக்காவின் மற்ற உறவுக்கார மீன்கள் பலவற்றில் தேடினால் அது இல்லை.

எக்ஸும் ஒய்யும் இப்படி ஒத்திருப்பதால் இன்னொரு வேலையும் செய்ய முடிந்தது. நைல் திலாப்பியா என்று இன்னொரு வகை, அதிலும் நம்மைப் போல எக்ஸ் ஒய் கணக்குதான். அதன் எக்ஸ் ஒய் குஞ்சுக்குச் சின்னதிலேயே பெண் ஹார்மோன் கலந்த தீனி கொடுப்பார்கள். அது பெண்ணாக வளர்ந்து முட்டையும் இடும். அதைச் சாதாரண ஆணோடு சேர்த்தால் குஞ்சுகளில் கால்வாசி ஒய் ஒய். நம்மில் நடக்கவே நடக்காத சேர்க்கை. அங்கே நன்றாக நீந்திக்கொண்டிருக்கிறது! அந்த ஒய் ஒய் ஆணைச் சாதாரணப் பெண்ணோடு விட்டால் குஞ்சுகள் ஆண்கள். குஞ்சுகளுக்கே ஆண் ஹார்மோன் தீனி மூன்று நான்கு வாரம் கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்குகிற வழியும் இருக்கிறது. பண்ணைகளில் அதுதான் பரவலான வழக்கம், சுலபம். எனக்கென்னவோ ஒய் ஒய் வழிதான் பிடிக்கும். ஹார்மோன் தின்றது பாட்டி மீனோடு நின்றுவிடுகிறது, நம் தட்டுக்கு வருகிற மீன் அதைத் தொட்டதே இல்லை.

சரி, அப்படியானால் ஆண் குஞ்சு என்று வாங்கி விட்ட குளத்தில் சில பெண்கள் எப்படி வருகின்றன? விற்றவர் ஏமாற்றினார் என்று உடனே சண்டைக்குப் போக வேண்டாம். ஒய்யைத் தவிர மற்ற குரோமோசோம்களிலும் இந்த விஷயத்தில் தலையிடும் மரபணுக்கள் இருக்கின்றன. தண்ணீரும் தலையிடும். குஞ்சு தீனி எடுக்கத் தொடங்கிய முதல் சில நாட்களில் நீர் 36 டிகிரிக்குச் சூடேறினால், எக்ஸ் எக்ஸாகப் பிறந்த நைல் திலாப்பியாக்களில் பல ஆணாக மாறிவிடும். வெளியே பார்த்தால் அசல் ஆண்தான், குஞ்சு பொரிப்பவரின் ஆண் மீன்களோடு கலந்துவிடலாம். அதைச் சினைக்கு விட்டு, குஞ்சுகள் வளர்ந்து, அத்தனையும் பெண்ணாக நிற்கும்போதுதான் அப்பன் யாரென்று தெரியும்.

நன்றி, வணக்கம்.