சாரல் நேரத்தில் வரும் 'சிட்': செங்கோட்டையில் ஓர் எலெக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர்

வணக்கம். முதலில் ஓர் ஒலியைக் கேளுங்கள். ஜூன் கடைசியில், விடிகாலை நாலரை மணிக்கு இதே அறையில் பதிவுசெய்தது. ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். அரை நிமிடம் நான் பேசமாட்டேன்.

கேட்டதா? ஓட்டிலிருந்து முற்றத்து வாளியில் நீர் சொட்டுகிறது, அது ஒன்று. அதற்கு நடுவே, மெல்லிய காகிதத்தை நகத்தால் சுண்டினாற்போல 'சிட்' என்று ஒன்று. மூன்று விநாடி கழித்து மறுபடி 'சிட்'. அந்த நேரத்தில் பாட்டு ஓடவில்லை. ஆம்ப்ளிஃபயரே அணைந்திருந்தது. ஸ்பீக்கருக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. இந்த ஒரு 'சிட்'டுக்காக ஏழு வாரம் அலைந்தேன். அலைந்ததில் தெரிந்துகொண்டதை இன்று சொல்லப்போகிறேன்.

எலெக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கரைப் பார்த்திராதவர்களுக்காக: சாதாரண ஸ்பீக்கரில் காந்தமும் சுருளும் கூம்பும் இருக்கும். இதில் அவை எதுவும் இல்லை. துளையிட்ட இரண்டு தகடுகள், அவற்றுக்கு ஸ்டேட்டர் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு பாலியெஸ்டர் தாள், விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கும். அந்தத் தாளுக்கு ஐயாயிரம் வோல்ட் அளவில் மின்னூட்டம் கொடுத்து அப்படியே வைத்திருப்பார்கள். இசை மின்னழுத்தமாக ஸ்டேட்டர்களுக்கு வரும்போது, தாள் முன்னும் பின்னும் இழுபட்டுக் காற்றை அசைக்கிறது. கூம்பின் எடை இல்லை, பெட்டியின் அதிர்வும் இல்லை. வீணையில் ஒரு கமகம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் ஓர் இடைவெளி வருமே, அந்த மௌனத்தை இவ்வளவு சுத்தமாக வேறு எந்த ஸ்பீக்கரிலும் நான் கேட்டதில்லை. அந்த மௌனத்தில்தான் 'சிட்' வந்து விழுந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த ஜோடியை மே மாதம் திருவனந்தபுரத்தில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் வாங்கினேன். அவர் வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. வண்டியில் ஏற்றி நெடுமங்காடு, குளத்துப்புழை, தென்மலை வழியாகக் கொண்டுவந்தோம். தென்மலைக்கு மேல், பதின்மூன்று கண் பாலத்தை ஒட்டிய வளைவுகளில் வண்டி எடுத்த ஆட்டத்தைப் பார்த்து, ஸ்பீக்கர்களைப் போர்வையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஆகவே பத்து நாள் கழித்து 'சிட்' தொடங்கியபோது, மலைப்பாதையில் ஏதோ கழன்றுவிட்டது என்று முடிவுகட்டினேன். தெரிந்த ஒருவர், பேனல், அதாவது ஸ்டேட்டர்களும் தாளும் சேர்ந்த பகுதி, போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றார். அதற்கு ஆகும் பணத்தில் வேறு ஸ்பீக்கரே வாங்கிவிடலாம்.

ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன், சத்தம் எங்கிருந்து பிறக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் முதலில் பெட்டியைத்தான் திறக்கிறார்கள். நீளமாக 'ம்ம்ம்' என்று வந்தால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். எர்த்தையோ ட்ரான்ஸ்ஃபார்மரையோ பாருங்கள். தாழ்ந்த சுரங்களில் மட்டும் 'டர்ர்' என்று அதிர்ந்தால் தூசு மறைப்புத் தாள் தளர்ந்திருக்கலாம். என்னுடையது இரண்டும் இல்லை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் வயரைக் கழற்றினேன், 'சிட்' நிற்கவில்லை. இடது ஸ்பீக்கரையும் வலதையும் இடம் மாற்றினேன், 'சிட்' இடது பெட்டியோடே கூடப் போயிற்று. கடைசியாக மின்சார பிளக்கையே பிடுங்கினேன். இதுதான் முக்கியமான சோதனை. பிடுங்கிய பிறகும் 'சிட்' வந்தது! மூன்று விநாடிக்கு ஒருமுறை வந்தது ஏழு விநாடிக்கு ஒருமுறை ஆயிற்று. பிறகு இருபது விநாடி. நாலைந்து நிமிடத்தில் அடங்கிப்போயிற்று.

மின்சாரம் இல்லாமல் சத்தம் வருகிறது என்றால், உள்ளே சேர்ந்திருக்கும் மின்னூட்டம் எங்கோ கசிகிறது என்று பொருள். இந்த ஸ்பீக்கரில் டயோடுகளும் கெபாசிட்டர்களும் ஏணிப்படிபோல அடுக்கிய ஒரு சர்க்யூட் உண்டு. படிக்குப் படி வோல்ட் ஏறும். ஆனால் அது தாளுக்கு மின்னூட்டம் அனுப்புவது மிக மிக மெதுவாக. முற்றத்து வாளியைப் பாருங்கள். ஓட்டின் விளிம்பில் நீர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரள்கிறது, கனம் தாங்காமல் ஒரு சொட்டு விழுகிறது, மறுபடி திரள்கிறது. 'சிட்'டும் அப்படித்தான். பலவீனமான ஓரிடத்தில் மின்னூட்டம் திரண்டு தாவுகிறது. அந்தத் தாவலின் ஒலியைத்தான் நாம் கேட்கிறோம். கசிவு கூடினால் சொட்டும் வேகம் கூடும்.

அப்படியானால் திருவனந்தபுரத்தில் ஏன் கேட்கவில்லை? விற்றவருக்கே போன் செய்தேன். பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுவார். நான் முழுக்கதையையும் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அறையில் ஏசி இல்லையா?" இல்லை சார் என்றேன். "இங்கே இருபத்துநாலு மணி நேரமும் ஏசி ஓடும், அதை நான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை தமிழ்நாட்டில் இல்லை, திருவிதாங்கூரோடு இருந்த ஊர். எல்லைக்கு இந்தப் பக்கம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் எங்கள் மழை இன்னும் கேரளத்து மழைதான். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று நேராக உள்ளே வரும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அதைச் சீசன் என்று கொண்டாடுவார்கள். எங்கள் வீட்டில் அப்பளம் நமத்துப்போகும், தீப்பெட்டி உரசினால் பற்றாது. பள்ளிக்கூடத்தில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுக்கும் சோதனை நினைவிருக்கிறதா? சீசனில் அந்தச் சோதனை எங்கள் வகுப்பில் ஒருமுறைகூட ஒழுங்காக நடந்ததில்லை. ஈரம் படிந்த பரப்பில் மின்னூட்டம் தங்காது. எல்லாரும் படித்த பாடம்தான் இது.

பீட்டர் வாக்கர் 1957-இல் இங்கிலாந்தில் குவாட் என்ற பெயரில் எலெக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று வறண்டு கிடக்கும். நம் சீசன் காற்று அவர்கள் கனவிலும் கண்டிராத காற்று. ஸ்பீக்கரைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

உடனே ஒரு ஈரப்பதமானி வாங்கி, நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். என் ஸ்பீக்கரின் உயரழுத்தப் பலகையில், அதாவது அந்த ஏணிப்படி சர்க்யூட் இருக்கும் பலகையில், ஒரு சிறிய நியான் பல்பு இருக்கிறது. இருட்டில் பின்பக்க வலை வழியாகத் தெரியும். தாளுக்குப் போகும் மின்னூட்டம் அதன் வழியாகப் போவதால், கசிவு கூடினால் அது வேகமாகக் கண்சிமிட்டும். இதோ நோட்டு. ஜூன் 28, விடிகாலை 4:30: ஈரப்பதம் 91 சதவீதம், நிமிடத்துக்கு 22 சிமிட்டல். அதே நாள் பகல் ஒரு மணி: 70 சதவீதம், 7 சிமிட்டல், 'சிட்' எப்போதாவது. ஜூலை 4, வெயில் அடித்த நாள்: 61 சதவீதம், 3 சிமிட்டல், 'சிட்' இல்லவே இல்லை. இப்படி இருபது நாள் எழுதினேன். ஆனால் ஒன்று பாருங்கள். வலது ஸ்பீக்கரும் இதே அறையில்தான் நிற்கிறது. 91 சதவீதத்திலும் அது 6 சிமிட்டலைத் தாண்டவில்லை. ஆகவே ஈரம் மட்டும் காரணமில்லை. ஈரம் வந்து உட்கார ஏதோ ஒன்று இடது பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

இடத்தைக் கண்டுபிடிக்கக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் குழாயை எடுத்துக்கொண்டேன். ஒரு மீட்டர் நீளம், உள்ளே துளி ஈரம் இல்லாமல் காயவைத்தது. ஒரு முனை காதில். மறுமுனையை முன்வலைக்கு வெளியே, தொடாமல், அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். கீழ்ப் பேனலின் இடது மூலைக்கு வந்ததும் 'சிட்' காதுக்குள்ளேயே வெடித்தாற்போல் கேட்டது. பிறகு அறையை முழுக்க இருட்டாக்கிக் கால் மணி நேரம் கண்ணைப் பழக்கினேன். அதே மூலையில், ஒவ்வொரு 'சிட்'டுக்கும் ஊசி முனை அளவு நீல ஒளி தெரிந்தது.

திறப்பதைப் பற்றிச் சொல்லும் முன் கொஞ்சம் நிற்கிறேன். தயவுசெய்து இதைத் தவிர்த்துவிட்டு முன்னே ஓட்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. கெபாசிட்டர்களில் உயரழுத்தம் நெடுநேரம் தங்கும். நான் ஒரு ராத்திரி முழுக்கப் பிடுங்கி வைத்துவிட்டு, அதற்குப் பிறகும் உயர் மின்தடை ஒன்றின் வழியாக மீதியைத் தரைக்கு வடித்தேன். ஸ்க்ரூடிரைவரால் நேரடியாகத் தொட்டால் பொறி பறக்கும், டயோடுகள் போய்விடலாம். சாதாரண மல்டிமீட்டரை அங்கே நீட்டவே கூடாது. ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் அது தாங்காது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, பாட்டு ஓடும்போது, இசையின் வோல்ட்டை உயர்த்தி ஸ்டேட்டர்களுக்கு அனுப்பும் ஆடியோ ட்ரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கம். அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயரின் முழு பலமும் இருக்கிறது, உயிரை எடுத்துவிடும். மூடி திறந்திருக்கும்போது இசை ஓடவே கூடாது. தனியாகச் செய்யாதீர்கள். நான் திறந்த அன்று என் மைத்துனரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். ரேடியோ பழுதுபார்த்த பழக்கம் இல்லாதவர்கள், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சரி, இதோ படம். காமிராவை நெருக்குகிறேன். இந்த மெல்லிய தாள் பேனலைத் தூசிலிருந்து காக்கும் மறைப்பு. மூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிழிசல் தெரிகிறதா? அது மலைப்பாதையில் கிழிந்ததா, முன்பே இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அதற்கு நேர் உள்ளே, ஸ்டேட்டரின் துளை ஒன்றில் பாருங்கள். ஓர் ஈசல் இறகு. முதல் மழைக்குப் பிறகு விளக்கைத் தேடி வீடெல்லாம் வருமே, அந்த ஈசல். இறகின் பாதி துளைக்குள், பாதி வெளியே. அதன் மேல் சாம்பல் நிறத்தில் தூசு பஞ்சுபோலப் படிந்திருக்கிறது. பழைய டிவித் திரை தூசை இழுக்கும் அல்லவா, அதேபோல மின்னூட்டம் இழுத்து வைத்த தூசு. இறகின் நுனி தாளைப் பார்த்து நீண்டிருக்கிறது, அந்த நுனியில் பழுப்பாக ஒரு புள்ளி கருகியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் காற்று ஏறத்தாழ மூவாயிரம் வோல்ட் வரை தாங்கும். இங்கே ஸ்டேட்டருக்கும் தாளுக்கும் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி. இறகு ஒன்றரை மில்லிமீட்டரை அடைத்துக்கொண்டு, விடிகாலையில் ஈரத்தைக் குடித்து மின்கடத்தியானால், மீதி ஒரு மில்லிமீட்டர் எப்படித் தாங்கும்?

பிளாஸ்டிக் இடுக்கியால் இறகை எடுத்தேன். தூசை ஓவியம் தீட்டும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். வேக்கும் கிளீனரை நேராக வைக்காதீர்கள், தாள் கிழிந்துவிடும், ஈரத்துணியும் வேண்டாம். உயரழுத்தப் பலகையில் இருந்த அழுக்கை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். அங்கே இரண்டு சால்டர் முனைகள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. கூர்முனையில் மின்னூட்டம் சீறி வெளியேறும், 'ஸ்ஸ்' என்ற மெல்லிய இரைச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். மறுபடி உருக்கி உருண்டையாக்கினேன்.

கிழிந்த மறைப்புத் தாளுக்குப் புதிய தாள். சட்டத்தைச் சுற்றி இரட்டைப் பக்க டேப் ஒட்டி, தாளைச் சுருக்கம் தெரியாமல் இழுத்து ஒட்டி, ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து மெதுவாகச் சூடு காட்டினால் தாள் தானே இறுகுகிறது. இதைப் பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கிறது. சுருக்கங்கள் ஒவ்வொன்றாக ஓரத்துக்கு ஓடி மறைகின்றன, கடைசியில் கண்ணாடிபோல நிற்கிறது. விரலால் தட்டினால் சின்ன மிருதங்கம்போல ஒலிக்க வேண்டும். தளர்வாக விட்டால் பின்னால் 'டர்ர்' வந்துசேரும்.

அறைக்கும் கொஞ்சம் செய்திருக்கிறேன். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளினேன், சுவர் ஈரம் அத்தனை. கேட்பதற்கு ஒரு மணி நேரம் முன் ஈரம் உறிஞ்சும் கருவி ஓடும். கேட்காத நாட்களில் பிளக்கைப் பிடுங்கி, பழைய வேட்டியால் மூடிவைக்கிறேன். எப்போதும் இணைப்பிலேயே இருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. வறண்ட ஊரில் அது சரியாக இருக்கலாம். எங்கள் ஊரில் அது இரவெல்லாம் தூசையும் பூச்சியையும் கூப்பிட்டு உட்காரவைப்பதாகத்தான் முடியும்.

இன்று ஆகஸ்ட் 9. விடிகாலை நாலரை, ஈரப்பதம் 90, வெளியே சாரல். ஈரம் உறிஞ்சும் கருவியை வேண்டுமென்றே அணைத்துவைத்துப் பார்த்தேன். இடது ஸ்பீக்கர் நிமிடத்துக்கு 6 சிமிட்டல், வலது 6. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு 'சிட்'கூட இல்லை.

வலது பெட்டியின் மறைப்புத் தாளும் பழையதுதான், கீழ் ஓரத்தில் லேசாக மஞ்சளித்திருக்கிறது. சீசன் முடிந்து வடகிழக்கு மழை தொடங்கும் முன், செப்டம்பரில் அதையும் மாற்றிவிடுவேன். கம்பம், கூடலூர், நாகர்கோவில் பக்கம் யாராவது இத்தகைய ஸ்பீக்கர் வைத்திருந்தால், ஒரு வாரம் விடிகாலையிலும் பகலிலும் ஈரப்பதத்தையும், நியான் இருந்தால் சிமிட்டலையும் குறித்து எனக்கு எழுதுங்கள். எந்தப் பெட்டி, இடதா வலதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வணக்கம்.