ரெண்டாவது ஊசி

நேயர்களுக்கு வணக்கம்.

மே 12 உலக செவிலியர் தினம். அதையொட்டி ஒரு செவிலியரைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தில் கேட்டார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த செவிலியர் ஒருவர்தான். என் அம்மாச்சி. சாத்தூர்ப் பக்கம் கரிசல்காட்டு ஊர்களில் 1960களின் தொடக்கத்திலிருந்து ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவர். அரசாங்கக் காகிதத்தில் முதலில் துணைச் செவிலியர், பிறகு கிராம சுகாதார செவிலியர். ஊருக்கு எப்போதும் நர்சம்மாதான்.

"எத்தனை பிரசவம் பார்த்திருப்பீங்க?" என்று யாராவது கேட்டால் பதில் வராது. கர்ப்பிணிகளுக்குப் போடும் டி.டி. ஊசியைப் பற்றிக் கேட்டால் மட்டும் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது ஏதோ சின்ன விஷயம் போலத் தெரியும். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அப்படி இல்லை. பிறந்து நன்றாகப் பால் குடித்த பிள்ளை, ஒரு வாரத்தில் வாய் பூட்டிக்கொண்டு, உடம்பு விறைத்து, தொட்டாலே வெட்டி இழுத்து இறந்துபோகும். தோஷம் என்று சொல்லிப் புதைத்துவிடுவார்கள். அது ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். அதைத் தடுக்கத்தான் டி.டி. ஊசி. மண்ணிலும் சாணியிலும் இருக்கிற கிருமி, தொப்புள்கொடியை அறுத்த இடத்தின் வழியாக உள்ளே போய்விடுகிறது. கதிரறுக்கும் அரிவாளால் கொடியை அறுத்து, புண் ஆற சாம்பலோ சாணியோ வைத்த காலம் அது. தாய்க்கு ஒரு மாத இடைவெளியில் ரெண்டு ஊசி போட்டுவிட்டால், அந்தத் தடுப்புச் சக்தி கருவில் இருக்கும்போதே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"முதல் ஊசி போடுறது பெரிசில்லடா, ரெண்டாவது ஊசிதான் வேலை" என்பார். ஏன் என்றால், முதல் ஊசிக்குக் கை வீங்கும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும். அடுத்த முறை நர்சம்மா தலை தெரிந்தாலே மருமகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிடுவார் மாமியார். கண்ணேறு படும் என்று நாலைந்து மாதம்வரை கர்ப்பத்தையே வெளியில் சொல்ல மாட்டார்கள். கணக்கே தாமதமாகத்தான் தொடங்கும். அதற்குள் வளைகாப்பு முடிந்து, பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விடுவாள். அங்கே வேறு நர்ஸ், வேறு பதிவேடு. அம்மாச்சி ஒரு துண்டுச்சீட்டில் முதல் ஊசி போட்ட தேதியை எழுதி, அந்த வழியாகப் போகும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, அந்த ஊர் நர்சிடம் சேர்க்கச் சொல்வார். இப்போது கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலையை அன்றைக்குக் கண்டக்டர்கள் பார்த்திருக்கிறார்கள்!

அவருடைய பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைப்பது இன்னொன்று. ஊரில் பரம்பரையாகப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி ஒருவர் இருந்தார். படித்த நர்சுகள் பலருக்கு மருத்துவச்சிகளைக் கண்டால் ஆகாது. இவர் நேரே அந்த அம்மாள் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டார். யாருக்கு எத்தனை மாதம் என்பது மருத்துவச்சிக்குத்தான் முதலில் தெரியும். புது பிளேடு, கொதிக்கவைத்த நூல், சோப்புப் போட்டுக் கழுவிய கை, கொடியின் மேல் எதுவும் வைக்கக் கூடாது; இவ்வளவையும் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுத்தார். மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அரசாங்கமும் திட்டம் வைத்திருந்ததுதான். ஆனால் "மதினி" என்று கூப்பிட்டுப் பழகச் சொல்லி எந்தத் திட்டத்திலும் எழுதியிருக்க வாய்ப்பில்லை. அந்த மதினி சொன்னால் மாமியார்கள் கேட்டார்கள். ரெண்டாவது ஊசிக்குக் கதவு திறந்தது அப்படித்தான்.

திறந்த கதவு ஒருமுறை மூடவும் செய்தது. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலம். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு ஆள் பிடித்துத் தர வேண்டும். அதற்குப் பெயர் 'கேஸ்'. கணக்கு முடிக்காவிட்டால் சம்பளம் நிற்கும் என்று மேலே இருந்து மிரட்டல். நர்சம்மா ஊசிப் பெட்டியோடு வந்தால், பிள்ளை உண்டாகாமல் இருக்கத்தான் இந்த ஊசி என்று ஊரில் பேச்சு. இதைப் பற்றி அம்மாச்சி அதிகம் பேசியதில்லை. ரெண்டு வருஷத்தில் கெட்டதைச் சரி பண்ண அஞ்சு வருஷம் ஆச்சு என்று மட்டும் ஒருமுறை சொன்னார். கேஸ் கணக்கு என்ற அந்த இலக்கு முறையை 1996இல்தான் நாடு முழுக்கக் கைவிட்டார்கள்.

மற்றபடி, நடைதான் அவர் வேலை. கரிசலில் மழை பெய்தால் சைக்கிள் உருளாது, செருப்பில் மண் அப்பிக்கொள்ளும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார். சாயங்காலம் வந்து கண்ணாடிச் சிரிஞ்சை ஸ்டவ்வில் வேகவைப்பார். முனை மழுங்கிய ஊசியைச் சின்னக் கல்லில் தீட்டுவார். அந்தக் கல் தேய்கிற சத்தம் எங்கள் அம்மாவுக்குப் பிடிக்காது. அப்புறம் பதிவேடு. ஒருநாளும் மறுநாளைக்கு என்று தள்ளிவைத்ததில்லை. போகாத வீட்டுக்குப் போனதாக எழுதுகிறவர்களை அவரால் மன்னிக்கவே முடியாது.

இன்று தமிழ்நாட்டில் 100க்கு 99 பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனைகளில் நடக்கின்றன. தாய்க்கும் பச்சிளம் குழந்தைக்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அப்போது அம்மாச்சி இருந்தார். பேப்பரில் வந்திருக்கிறது என்று சத்தம் போட்டு வாசித்துக் காட்டினேன். மகிழ்ச்சிதான். ஆனாலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேப்பரை வாங்கி ஒருமுறை தானே பார்த்தார்.

"எல்லாருக்கும் ரெண்டாவது ஊசியும் போட்டாங்களாமா? இல்ல, பதிவேட்டுல மட்டும் எழுதிட்டாங்களா?"

வணக்கம்.