எண்பதில் நிறுத்துவதா, நூறு வரை ஏற்றுவதா? மயூர் விஹார் நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் விளக்கத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது தில்லி மயூர் விஹாரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வி. அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன்.

"என் ஸ்மார்ட்போன் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மே மாதம் பிறந்ததிலிருந்து மாலை நான்கு மணிக்கே சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. வீட்டுக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காததால், கும்பகோணத்தில் இருக்கும் அக்காவோடு தினமும் பால்கனியில் நின்றுதான் வீடியோ காலில் பேசுகிறேன். இரவில் சார்ஜில் போட்டு, அலாரம் காதில் விழவேண்டும் என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வது வழக்கம். எண்பது சதவீதத்தோடு நிறுத்தச் சொல்கிறான் மகன். முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?"

அம்மா, உங்கள் கணவர் சொல்வது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. மகன் சொல்வது இன்றைக்குச் சரி. ஆனால் நான்கு மணிக்கே சார்ஜ் தீர்கிறது என்ற உங்கள் குறைக்கு இருவர் சொல்வதும் மருந்து அல்ல. அந்தக் குறையின் காரணத்தை நீங்களே உங்கள் கேள்வியில் எழுதிவிட்டீர்கள். அந்தப் பால்கனியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பழைய கார்ட்லெஸ் தொலைபேசியிலும் சவரக் கருவியிலும் இருந்தவை நிக்கல் காட்மியம் பேட்டரிகள். பாதியில் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருந்தால் அந்தப் பாதியையே தன் முழு அளவாக எடுத்துக்கொள்ளும் குணம் அவற்றுக்கு இருந்தது என்பதால், முழுவதும் தீர்த்துவிட்டு ஏற்றுங்கள் என்ற அறிவுரை வீடுதோறும் பரவியது. உங்கள் கையில் இருப்பதோ லித்தியம் அயான் பேட்டரி. 1991-இல் சோனி நிறுவனம் இந்த வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் இட்ட மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசும் கிடைத்தது. இதற்கு அந்தக் குணம் கிடையாது. அடிமட்டம் வரை தீர்ப்பது இதற்குச் சுமையே தவிர நன்மை இல்லை. 30-லும் ஏற்றலாம், 60-லும் ஏற்றலாம். சதவீத எண் தாறுமாறாகக் குதிக்கிறது என்றால் மட்டும், அளவுமானி சரியாவதற்காக ஒருமுறை முழுவதும் தீர்த்து முழுவதும் ஏற்றிப் பார்க்கலாம்.

அடுத்து, மகனின் எண்பது. பேட்டரி நிறைய நிறைய அதன் மின்னழுத்தம் கூடிக்கொண்டே போய், முழுச் சார்ஜில் ஏறத்தாழ 4.2 முதல் 4.4 வோல்ட் வரை எட்டும். அந்த உச்சத்தில் உள்ளே இருக்கும் திரவம் மெல்ல மெல்லச் சிதைகிறது. எதிர்மின்முனையில் ஒரு படலம் தடித்து, சார்ஜைச் சுமக்க வேண்டிய லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்குள் முடக்கிக்கொள்கிறது. இது எந்தப் பேட்டரியிலும் நடப்பதுதான். எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்பதை வெப்பம் தீர்மானிக்கிறது. தில்லியில் வீடு வைத்திருக்கும் தமிழர்களுக்கு இதை விளக்க வேதியியல் தேவையில்லை, தோசை மாவு போதும். ஜனவரியில் கம்பளியைச் சுற்றி வைத்தாலும் மறுநாள் பொங்காத அதே மாவு, மே மாதத்தில் காலையில் அரைத்தால் மதியத்துக்குள் புளித்து வழிகிறது. பேட்டரிக்குள் நடக்கும் சிதைவும் அப்படித்தான், வெப்பம் ஏற ஏற விரைவுபடுகிறது. (மாவைப் போலவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாமா என்று சென்ற கோடையில் ஒரு நேயர் கேட்டார். வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோக்கும்.)

ஆகவே, முழுச் சார்ஜும் வெப்பமும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் பேட்டரியின் ஆயுளுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. அந்த இரண்டும் பல மணி நேரம் சேர்ந்தே இருக்கும் இடம், மன்னிக்க வேண்டும், உங்கள் தலையணையின் அடிப்பக்கம். இரவு 11 மணிக்குப் போட்டால் ஒரு மணி அல்லது இரண்டு மணிக்குள் நிறைந்துவிடும். விடியும்வரை அது நூறிலேயே, பஞ்சுக்கு அடியில், வெப்பம் வெளியேற வழியில்லாமல் கிடக்கிறது. தீப்பிடிக்கும் அபாயத்தை எண்ணினாலும் அந்தப் பழக்கத்தை இன்றோடு விட வேண்டும். மேல்கவரைக் கழற்றி, மின்விசிறிக் காற்று படும் வெறும் மேசை மேல் வையுங்கள். அலாரத்தின் ஒலியைக் கூட்டிக்கொண்டால் போதும். இப்போது வரும் ஐபோன், சாம்சங், பிக்சல் போன்றவற்றில் எண்பதோடு நிறுத்தும் அமைப்பே இருக்கிறது. அது இல்லாத ஸ்மார்ட்போனாக இருந்தால், காலையில் டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தில் சார்ஜில் போட்டுக் குளித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள். வெளியூர்ப் பயணம் போகும் நாளில் தாராளமாக நூறு வரை ஏற்றலாம். ஒருநாள் நூறு ஏறியதால் எதுவும் கெட்டுவிடாது.

இனி பால்கனி. அங்கே நான்கு செலவுகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சிக்னல் பலவீனமாக இருக்கும்போது கோபுரத்தை எட்டுவதற்காக உங்கள் ஸ்மார்ட்போன் தன் சிக்னல் அனுப்பும் திறனைக் கூட்டுகிறது. வீட்டுக்குள் அது நாள் முழுவதும் அப்படித்தான் திண்டாடுகிறது, பால்கனியில் நிலைமை சற்றுத் தேவலாம், அவ்வளவுதான். வெயில் வெளிச்சத்தைக் கண்டதும் திரை தன் பிரகாசத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகிறது. வீடியோ கால் என்பதால் கேமராவும் பிராசஸர் சிப்பும் ஓய்வின்றி ஓடுகின்றன. நான்காவது, மே மாதத்துத் தில்லி. வெளியே 35 டிகிரி வரை உள்ள சூழலில் பயன்படுத்துவதுதான் நல்லது என்று ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளுக்கு அளவு சொல்கிறது. இங்கே அந்த மாதத்தில் நிழலிலேயே 40-ஐத் தாண்டுகிறது. அப்படியிருக்க வெயிலில் நிற்கும் பால்கனியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பு இருந்தால் அக்காவோடு வைஃபை வழியாக அறைக்குள் உட்கார்ந்து பேசுங்கள். சாதாரண அழைப்புகளுக்கும் அமைப்பில் (செட்டிங்ஸில்) வைஃபை காலிங் என்பதை இயக்கிவிடுங்கள். இது ஒன்றே உங்கள் நான்கு மணியை இரவுவரை தள்ளிவைக்கும் என்று நினைக்கிறேன். மற்றபடி, திறந்த செயலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடுவதால் பயனில்லை. மறுபடி திறக்கத்தான் கூடுதல் மின்சாரம் செலவாகும். பேட்டரியைச் சேமித்துத் தருவதாகச் சொல்லும் செயலிகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கறுப்புப் பின்னணி, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் மட்டுமே மிச்சப்படுத்தும், அதுவும் பிரகாசம் அதிகமாக இருக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு.

இத்தனைக்குப் பிறகும் சார்ஜ் நிற்கவில்லை என்றால் பேட்டரியே மூப்படைந்திருக்கலாம். மொத்தம் நூறு சதவீதம் செலவாவதை ஒரு சுற்று என்று கணக்கிடுவார்கள். இன்று ஐம்பதும் நாளை ஐம்பதும் செலவானால் சேர்த்து ஒரே சுற்றுதான். ஐபோன் 14 வரை 500 சுற்றுகளுக்குப் பிறகும், 15 முதல் 1000 சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ 2025 ஜூன் 20 முதல் தன் சந்தைக்கு வரும் ஸ்மார்ட்போன்களுக்கு 800 சுற்றுகளைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தினம் ஒரு சுற்று என்றால் உங்களுடையது 700-ஐத் தாண்டியிருக்கும்.

மாற்றுவதாக இருந்தால் விலையை மட்டும் பார்க்காதீர்கள். நானே ஒருமுறை ஜூன் மாதத்தில் ஸ்மார்ட்போனைக் காரின் முகப்புப் பலகையில் மறந்து வைத்துவிட்டு, ஆர்.கே. புரத்தில் காய்கறி வாங்கிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து பேட்டரி தளர்ந்தது. ஒரு சிறிய கடையில் ஒரிஜினல் என்று சொல்லிப் பாதி விலைக்குப் போட்டுக் கொடுத்தார்கள். நான்கே மாதத்தில் அது உப்பிப் பின்மூடியைத் தூக்கிவிட்டது. எண்ணைப் பார்க்காமல் வாங்கியது என் தவறு. இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவெண் இருக்க வேண்டும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ குப்பையில் போடவோ கூடாது, மின்கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் ஜனவரியில் கேட்பீர்கள். பனிமூட்டக் காலையில் 20 சதவீதம் இருக்கும்போதே ஸ்மார்ட்போன் அணைந்துபோனால், குளிரில் பேட்டரியின் உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு உள்ளேயே இருக்கும் தடை, கூடியதுதான் பெரும்பாலும் காரணம். சட்டைக்குள் வைத்துச் சற்றுச் சூடானதும் மீண்டும் இயக்கிப் பாருங்கள்.

இப்போதைக்கு ஒரு வாரம் வைஃபையில் பேசுங்கள், தலையணையை விட்டு வெளியே எடுங்கள். அமைப்பில் பேட்டரி நலம் என்ற பகுதி உங்கள் ஸ்மார்ட்போனில் இருந்தால் அது காட்டும் எண்ணை எழுதி அனுப்புங்கள். 80-க்குக் கீழே என்றால் புதிய பேட்டரி போடுவதைப் பற்றிப் பேசலாம். 85-க்கு மேல் இருந்தால் செலவு செய்ய வேண்டாம், அக்காவிடம் அறைக்குள்ளிருந்தே பேசிக்கொண்டிருங்கள்.