எம்எச்124: பழுதான சென்சாரை விமானம் மறுபடியும் நம்பியது எப்படி?

[காட்சி: சுங்கை சிப்புட் டவுன், பின்னால் செம்பனைத் தோட்டம்]

வணக்கம். எஸ்பிஎம் தேர்வு முடித்துவிட்டு விமானப் பராமரிப்பு படிக்க நினைக்கும் நம் சுங்கை சிப்புட் பிள்ளைகளுக்காகத்தான் இந்த வீடியோ. எஞ்சின் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். மென்பொருள் தேயாது. அதில் இருக்கும் தவறு, தனக்கேற்ற சூழ்நிலை வரும்வரை அப்படியே கிடக்கும்.

[காட்சி: பெர்த்–கோலாலம்பூர் வரைபடம்]

2005 ஆகஸ்ட் 1. பெர்த்திலிருந்து கிளம்பிய மலேசியா ஏர்லைன்ஸ் எம்எச்124, ஒரு போயிங் 777. சுமார் 38,000 அடியில் ஏறிக்கொண்டிருந்தபோது, வேகம் குறைவு, வேகம் அதிகம் என்று இரண்டு எச்சரிக்கையும் ஒரே நேரத்தில் வந்தன. மூக்கு தானாகத் தூக்கி, விமானம் 41,000 அடி வரை போனது. வேகம் 270 நாட் (விமான வேகத்தின் அளவு) என்பதிலிருந்து 158 நாட்டுக்கு இறங்கியது. கேப்டன் ஆட்டோபைலட்டை நிறுத்திக் கையால் ஓட்டி, பெர்த்துக்கே திரும்பினார். யாருக்கும் காயமில்லை.

[காட்சி: ஆறு சென்சார்களின் வரைபடம்]

சரி, என்னதான் நடந்தது? விமானத்தின் அசைவை அளந்து கணினிகளுக்குச் சொல்லும் பெட்டிக்குள் ஆறு முடுக்கமானிகள், அதாவது வேகம் மாறுவதை அளக்கும் சென்சார்கள், இருக்கின்றன. அதில் ஐந்தாவது 2001லேயே கெட்டுவிட்டது. பெட்டியும் அதைக் கண்டுபிடித்து ஒதுக்கிவைத்தது. மற்றவை போதும் என்பதால் அந்தப் பெட்டியையே தொடர்ந்து ஓட்டலாம். வடிவமைப்பு அதை அனுமதித்தது. நான்கு வருடம் கழித்து ஆறாவதும் கெட்டது. அப்போது மென்பொருளில் இருந்த தவறால், ஐந்தாவதின் பொய்க் கணக்கு மறுபடியும் உள்ளே வந்துவிட்டது. தோட்டத்துச் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) நிறுத்திவைத்த ஆளை, இன்னொருவர் வராத நாளில், குறிப்பைப் பார்க்காமலே பெரட்டிலிருந்து (காலையில் ஆள் எடுக்கும் இடத்திலிருந்து) வேலைக்கு அனுப்பியது மாதிரி.

பறக்கத் தகுதியானது என்று சான்றிதழ் தரும்போது செய்த சோதனைகளில் இது சிக்கவில்லை. சோதனை என்பது எழுதிவைத்த தேவைகளை வைத்துத்தான் நடக்கிறது. யாரும் யோசித்து எழுதாத நிலைமையை யார் சோதிப்பது? என் பார்வையில் இந்தச் சம்பவத்தின் மிகப் பெரிய பாடம் இங்கேதான் இருக்கிறது.

[காட்சி: அறிக்கையின் அட்டை]

நம் விமானம்தான், ஆனால் விசாரித்தது ஆஸ்திரேலியா.  அடுத்த விபத்தைத் தடுப்பதுதான் அந்த விசாரணையின் நோக்கம், யார் மேலும் பழி போடுவதல்ல. அதனால்தான் விமானிகள் பயப்படாமல் நடந்ததைச் சொல்ல முடிகிறது. இறுதி அறிக்கை 2007இல் வந்தது. ஆனால் அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. சம்பவம் நடந்த சில வாரங்களிலேயே, அந்த மென்பொருளை மாற்றச் சொல்லி அமெரிக்க விமானத்துறை 777 வைத்திருப்பவர்களுக்கு அவசர உத்தரவு போட்டது.

அப்புறம், நாளைக்கு ஹேங்கரில் (விமானங்களை நிறுத்திப் பராமரிக்கும் கொட்டகையில்) நிற்கப்போகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. ரீசெட் செய்ததும் ஒரு எச்சரிக்கை மறைந்துவிட்டால், சரியாகிவிட்டது என்று விடாதீர்கள். என்ன எச்சரிக்கை, எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில், அதற்கு முன்னால் ஏற்கெனவே எது பழுது என்று பதிவாகியிருந்தது: எல்லாவற்றையும் லாக் புத்தகத்தில் எழுதுங்கள்.